வீட்டு மீன் தொட்டியில் வாட்டமும் நோயும்: எல்லையோர ஊர்களுக்கான அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று தமிழ் பேசும் ஊர்களில் மீன் வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நாம் மீனைப் பெரும்பாலும் கோவையிலோ பாலக்காட்டிலோ வாங்குகிறோம். தண்ணீர் வீட்டுப் போர்வெல்லிலிருந்து வருகிறது. வெயிலும் காற்றும் பாலக்காட்டுக் கணவாயுடையவை. இந்த மூன்றையும் கணக்கில் எடுக்காமல் சொல்லப்படும் யோசனை இங்கே பாதிதான் உதவும். அதனால் நம் ஊர்த் தண்ணீரையும் நம் ஊர்ப் பருவத்தையும் மனத்தில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன்.

நேற்றுவரை நன்றாக இருந்த மீன் இன்று மூலையில் ஒதுங்கி நிற்கிறது. என்ன மருந்து ஊற்றலாம்?

இப்போதைக்கு எதையும் ஊற்ற வேண்டாம். முதலில் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். புதிய தண்ணீரின் வெப்பம் தொட்டியோடு ஒத்திருக்க வேண்டும், குளோரின் இருக்கக்கூடாது. காற்று மோட்டாரை ஓடவிடுங்கள், விளக்கை அணையுங்கள், ஒரு நாள் தீனியை நிறுத்துங்கள். பிறகு உட்கார்ந்து கடந்த இரண்டு வாரங்களை நினைத்துப் பாருங்கள். புது மீன் விட்டீர்களா? பில்டரைக் குழாயடியில் வைத்துக் கசக்கிக் கழுவினீர்களா? மின்சாரம் நீண்ட நேரம் போனதா? தொட்டியை இடம் மாற்றினீர்களா?

நோய் கண்ணுக்குத் தெரிவது இன்றைக்கு. அதன் காரணம் பெரும்பாலும் பத்து நாள் முந்தையது. வெண்புள்ளி ஒட்டுண்ணி, செதில் பாக்டீரியா, பூஞ்சை ஆகியவை பல தொட்டிகளில் எப்போதும் கொஞ்சம் இருக்கத்தான் செய்கின்றன. மீன் தெம்பாக இருக்கும்வரை அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. தண்ணீர் கெட்டு மீன் தளர்ந்ததும் அவை ஏறிக்கொள்கின்றன. காரணம் அப்படியே இருக்க மருந்தை மட்டும் ஊற்றினால், ஏற்கெனவே திணறும் மீனுக்கு இன்னொரு வேதிப்பொருளையும் தாங்க வேண்டிய வேலை சேர்கிறது.

மீனுக்கு உண்மையிலேயே மன அழுத்தம் வருமா?

வரும், அது உடலில் அளக்கக்கூடியது. வலையில் பிடித்தாலோ, துரத்தும் மீன் பக்கத்தில் இருந்தாலோ, தண்ணீர் திடீரென்று மாறினாலோ மீனின் இரத்தத்தில் முதலில் அட்ரினலின் வகைச் சுரப்புகளும் பிறகு கார்ட்டிசாலும் ஏறுகின்றன. நமக்குச் சுரக்கும் அதே கார்ட்டிசால்தான். கொஞ்ச நேரம் ஏறி இறங்கினால் மீன் தேறிவிடும். நாட்கணக்கில் ஏறியே இருந்தால் நோய் எதிர்ப்புச் சக்தி சரிகிறது, பசி போகிறது, வளர்ச்சி நின்றுவிடுகிறது.

நன்னீர் மீனுக்கு இன்னொரு சுமையும் உண்டு. அதன் உடலில் வெளித்தண்ணீரைவிட உப்பு அதிகம். அதனால் செவுள் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும், உப்பு வெளியே கசிந்துகொண்டே இருக்கும். சிறுநீரகமும் செவுளும் ஓயாமல் உழைத்து இதைச் சரிக்கட்டுகின்றன. அழுத்தம் வந்தால் கசிவு கூடுகிறது. உடல்மேல் இருக்கும் வழுவழுப்பான கோழைப்படலம் கிருமிகளைத் தடுக்கும் முதல் அரண். கையாலும் முரட்டு வலையாலும் பிடிக்கும்போது அதுவும் உரிந்துவிடுகிறது.

மீன் வாடுகிறது என்பதை நோய் வருவதற்கு முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?

தீனி போடும் நேரம்தான் நல்ல நேரம். எல்லா மீனும் மேலே வரும்போது எது பின்தங்குகிறது என்று பாருங்கள். தீனியை வாயில் வாங்கித் துப்புகிறதா, துடுப்புகளை உடலோடு ஒட்டி மடித்து வைத்திருக்கிறதா, நிறம் வெளுத்திருக்கிறதா, கல்லிலோ பைப்பிலோ உடம்பை உரசுகிறதா? நீந்தாமல் ஒரே இடத்தில் நின்று உடலை ஆட்டிக்கொண்டிருப்பது மோலி, கப்பி மீன்களில் தண்ணீர் ஒத்துக்கொள்ளாததன் அடையாளம்.

செவுளை எண்ணிப் பழகுங்கள். மீன் நலமாக இருக்கும் ஒரு நாளில், ஒரு நிமிடத்துக்குச் செவுள்மூடி எத்தனை முறை திறந்து மூடுகிறது என்று எண்ணித் தொட்டியின் பக்கத்தில் குறித்து வையுங்கள். பின்னொரு நாள் அந்த எண் வெகுவாக ஏறியிருந்தால் ஆக்சிஜன், அம்மோனியா, செவுள் ஒட்டுண்ணி மூன்றில் ஒன்று காத்திருக்கிறது என்று பொருள். புள்ளியோ புண்ணோ தெரிவதற்கு முன்பே இது தெரியும்.

பைட்டர், கௌராமி மீன்கள் மேலே வந்து காற்று விழுங்குவது இயல்பு. அவற்றுக்குக் காற்றை நேரடியாக மூச்சாக்கும் உறுப்பு இருக்கிறது. தங்கமீனோ டெட்ராவோ அப்படி வாயைப் பிளந்து மேலேயே நின்றால் அவசரம்.

எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர்தான். நேராகத் தொட்டியில் விடலாமா?

விடக்கூடாது. குளோரின் இல்லை என்பதால் பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். ஆழத்திலிருந்து ஏறும் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாகவும் கரியமில வாயு அதிகமாகவும் இருக்கலாம். அழுத்தத்தில் கரைந்த வாயுக்கள் தொட்டியில் குமிழாகப் பிரியும்போது, சில சமயம் மீனின் துடுப்பிலும் கண்ணிலும்கூடக் குமிழ் கட்டும். வாளியிலோ டிரம்மிலோ பிடித்து, காற்றுக்கல் போட்டு ஓர் இரவு குமிழவிட்டால் இந்தக் கோளாறு தீரும். கரியமில வாயு போனதும் பிஹெச், அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் எண், ஏறும். ஆகவே போர்வெல் தண்ணீரைப் பிடித்த உடனே சோதித்துப் பார்ப்பதில் பயனில்லை, மறுநாள் காலையில் சோதியுங்கள்.

அடுத்தது கடினத்தன்மை. சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கப் போர்வெல்கள் பலவற்றில் சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளைப் படிவு நிற்கும். இதை ஒரு குறையாகவே எண்ண வேண்டாம். கப்பி, மோலி, பிளாட்டி, பெரும்பாலான ஆப்பிரிக்க சிக்லிட் மீன்கள் கடின நீரில் செழிக்கும். தங்கமீனும் தாங்கும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்ற மென்னீர் மீன்களை அதே தண்ணீரில் வைத்து மருந்தால் காப்பாற்ற நினைப்பது வீண் போராட்டம். தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவதுதான் இருப்பதிலேயே மலிவான மருத்துவம்.

மேல்மாடி பிளாஸ்டிக் டேங்க் பற்றியும் சொல்ல வேண்டும். ஏப்ரல் மாத மதியத்தில் அதிலிருந்து வரும் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். தண்ணீர் மாற்றுவதை அதிகாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கோவையில் வாங்கிய மீன் இங்கே வந்த மறுநாளே சாகிறது. கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?

பெரும்பாலும் இல்லை. கோவையின் பல பகுதிகளுக்கு வருவது சிறுவாணித் தண்ணீர். பாலக்காடு மாவட்டத்து மலைக்காட்டிலிருந்து போகும் மென்னீர். கடைத்தொட்டி அந்தத் தண்ணீரில் நிரம்பியிருந்தால், மீன் அதற்குப் பழகியிருக்கும். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் பையில் குலுங்கி வந்து, வீட்டுக் கடின நீரில் ஒரே வீச்சில் விழும்போது உப்பையும் தண்ணீரையும் சமன் செய்யும் அதன் உடல் ஏற்பாடு முழுதும் தடுமாறுகிறது. அதற்கு முன்பே அந்த மீன் சென்னை கொளத்தூர்ச் சந்தையிலிருந்து நீண்ட பயணம் செய்து கோவைக்கு வந்ததாகவும் இருக்கலாம். எனவே கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: மீன் இறங்கி எத்தனை நாள் ஆயிற்று? ஒரு வாரமாவது கடைத்தொட்டியில் இருந்து தீனி எடுக்கும் மீனையே வாங்குங்கள். தீனி போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பையை மூடியபடியே தொட்டியில் பதினைந்து, இருபது நிமிடம் மிதக்கவிடுங்கள். பிறகு ஒரு வாளியில் மீனைப் பைத்தண்ணீரோடு இறக்கி, தொட்டித் தண்ணீரை மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் வாளித் தண்ணீர் மூன்று மடங்கு ஆகட்டும். மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விட்டு, பைத்தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள்.

நெடுந்தூரம் வந்த பைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நாள் முழுதும் மூடியிருந்த பையில் மீனின் மூச்சால் கரியமில வாயு சேர்ந்து பிஹெச் இறங்கியிருக்கும். அதனால் கழிவு அம்மோனியா அதிகம் நஞ்சாகாமல் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஹெச் ஏற, அதே அம்மோனியா நஞ்சாக மாறுகிறது. அப்படிப்பட்ட பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காகக் காத்திருக்காதீர்கள்.

குழாய்த் தண்ணீரிலும் கிணற்றுத் தண்ணீரிலும் என்ன கவனிக்க வேண்டும்?

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அது செவுளை எரித்துவிடும். அகலமான பாத்திரத்தில் காற்றுக்கல்லோடு 24 மணி நேரம் வைத்தால் போய்விடும். அவசரமென்றால் ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட் படிகம், கடைகளில் ஆன்டி குளோர் என்று கிடைப்பது. ஒரு மில்லிகிராம் குளோரினுக்குச் சுமார் 7 மில்லிகிராம் ஹைப்போ போதும். பத்து லிட்டர் வாளிக்குச் சிட்டிகையில் பாதி தாராளம்.

கிணறு வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் விழிப்பாக இருக்க வேண்டும். மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்குப் பரவும் நேரத்தில் ஆஷா பணியாளர்கள் வீடு வீடாக வந்து கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள். மனிதருக்கு மிகவும் தேவையான பணி அது. அன்றைய தண்ணீரும் அடுத்த சில நாள் தண்ணீரும் மீனுக்கு ஆகாது. போட்ட தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அதற்குமுன் இரண்டு குடம் பிடித்து வைத்துவிடுங்கள்.

புதுத் தொட்டி, புது மீன், தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவு. ஆனாலும் ஒவ்வொன்றாகச் சாகிறது. ஏன்?

தெளிவாக இருப்பதால் நல்ல தண்ணீர் என்று சொல்ல முடியாது. அம்மோனியாவுக்கு நிறமில்லை. மீன் தன் செவுள் வழியாகவே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மிச்சத் தீனியும் கழிவும் அழுகும்போது இன்னும் சேர்கிறது. பில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியேறும் ஒருவகைப் பாக்டீரியா இதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் கொடிய நஞ்சு. நைட்ரேட் எவ்வளவோ பரவாயில்லை, வாராந்தரத் தண்ணீர் மாற்றத்தில் வெளியேறிவிடும். இந்தப் பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் பத்து மீனை இறக்கினால் அவை தம் கழிவிலேயே மூச்சு முட்டுகின்றன.

இங்கேதான் நம் போர்வெல் தண்ணீர் மறுபடியும் குறுக்கே வருகிறது. பிஹெச் 7-லிருந்து 8-க்கு ஏறினால் மொத்த அம்மோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. வெப்பம் ஏற ஏற அது இன்னும் கூடுகிறது. அதே அளவு அழுக்கு, கோத்தகிரியில் ஒரு தொட்டியில் சாதுவாகக் கிடக்கலாம். மீனாட்சிபுரத்தில் மே மாதம் கொன்றுவிடும். சோதனைப் பெட்டி ஒன்று வாங்குங்கள். இரண்டு ஜோடி மீன் வாங்கும் காசுதான். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும்.

பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அழுக்கேறிய ஸ்பாஞ்ச் பில்டர் ஒன்றைக் கேட்டு வாங்கிப் போட்டால் காத்திருப்பு வெகுவாகக் குறையும். அவர் தொட்டியில் நோய் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பில்டரை எப்போதும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்; குழாயடியில் கழுவினால் குளோரின் அந்த நல்ல பாக்டீரியாவை அழித்து, தொட்டி மறுபடி முதல் நாளுக்குப் போய்விடும்.

கோடையில் என்ன செய்வது?

2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. அத்தகைய நாளில் ஓட்டு வீட்டின் முன்னறையில் உள்ள தொட்டி 33, 34 டிகிரிக்கு எளிதில் போகும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். மீனுக்கோ சூட்டில் மூச்சுத் தேவை கூடுகிறது. வரவு குறைந்து செலவு ஏறும் நேரம் இது. பெரிய மீன்கள் முதலில் சாகும், அதுவும் விடியற்காலையில். இரவெல்லாம் செடியும் பாசியும்கூட ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால்.

தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள். மேஜை விசிறியைத் தண்ணீரின் மேற்பரப்பை நோக்கி வையுங்கள். நம் பக்கத்து வறண்ட காற்றில் தண்ணீர் நன்றாக ஆவியாகும் என்பதால் இரண்டு மூன்று டிகிரி இறங்கிவிடும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்புகள் தொட்டியிலேயே தங்கும். குறைந்த அளவைப் போர்வெல் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் கடினத்தன்மை வாரத்துக்கு வாரம் ஏறும். ஆர்.ஓ. தண்ணீரோ சேமித்த மழைநீரோ ஊற்றி ஈடுகட்டுங்கள். ஐஸ் கட்டியை நேராகப் போட வேண்டாம். உறைந்த பாட்டிலை மூடியோடு மிதக்கவிடலாம், அதுவும் ஒரு மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்காமல். தீனியைப் பாதியாக்குங்கள். மின்வெட்டுக்குப் பேட்டரி காற்று மோட்டார் ஒன்று கட்டாயம்.

வெண்புள்ளி நோய் வந்துவிட்டது. உப்பா, மருந்தா, சூடா?

முதலில் அது வெண்புள்ளிதானா என்று பாருங்கள். உடல், துடுப்பு எங்கும் ரவை தூவியதுபோல் தனித்தனி மணிகளாக இருந்தால் அதுதான். ஆண் தங்கமீனுக்கு இனப்பெருக்கக் காலத்தில் செவுள்மூடியிலும், மார்புத் துடுப்பின் முன் விளிம்பிலும் மட்டும் வரிசையாக வெண்மணிகள் தோன்றும், அது நோயல்ல. மஞ்சள் பொன்துகள்போல் மிக நுண்ணியதாக, டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்து அடித்தால் மட்டும் தெரிவது வெல்வெட் என்னும் வேறொரு ஒட்டுண்ணி.

வெண்புள்ளியை உண்டாக்கும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் புதைந்து உண்கிறது. அங்கே இருக்கும்வரை தண்ணீரில் கலந்த எந்த மருந்தும் அதைத் தொடாது. தின்று பருத்ததும் உதிர்ந்து தரைக்குப் போய், உறை கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்காகப் பிரிகிறது. உறை வெடித்து வெளிவரும் குஞ்சுகள் இரண்டொரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும். நீந்தித் திரியும் அந்தக் கட்டத்தில் மட்டுமே மருந்துக்கு அது சாகும். புள்ளி மறைந்தவுடன் நோய் தீர்ந்தது என்று மருந்தை நிறுத்துகிறோமே, உண்மையில் அப்போது ஒட்டுண்ணி தரையில் பெருகிக்கொண்டிருக்கிறது. அடுத்த வாரம் பத்து மடங்காகத் திரும்புவது இதனால்தான்.

25 டிகிரியில் இந்தச் சுற்று ஏறத்தாழ ஒரு வாரத்தில் முடியும். குளிரில் வாரக்கணக்கில் இழுக்கும். வெப்பத்தை ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு டிகிரியாக 30-க்கு ஏற்றினால் சுற்று வேகமாகும், ஒட்டுண்ணி விரைவில் மருந்தின் முன் வந்து நிற்கும். லிட்டருக்கு 2 கிராம் கல்லுப்பு, இரண்டு நாளில் பகுதி பகுதியாகக் கரைத்து ஊற்றுங்கள். காற்றோட்டத்தைக் கூட்டுங்கள், சூட்டில் ஆக்சிஜன் குறையும் என்பதை மறக்க வேண்டாம். தினமும் அடித்தரையைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, அதே அளவு உப்பு கலந்த தண்ணீரை ஊற்றுங்கள். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள். இதற்கும் அடங்காவிட்டால் மாலகைட் கிரீன் கலந்த மருந்து, பாட்டிலில் சொன்ன அளவில். டெட்ரா, லோச், செதிலில்லாத கெளுத்தி வகைகளுக்குப் பாதி அளவு. அந்த மருந்தைக் கையுறை போட்டே தொடுங்கள்.

நம் ஊரில் இந்த நோய் அதிகம் தலைதூக்குவது மார்கழி, தைக் காற்றில். கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வீசும் காற்று இரவில் தொட்டியைக் குளிர்வித்துவிட, பகலில் வெயில் மறுபடி ஏற்றுகிறது. இந்த ஏற்ற இறக்கம்தான் மீனைத் தளர்த்துகிறது. ஜன்னலோரத் தொட்டியை உள்சுவருக்கு மாற்றினாலே பாதிச் சிக்கல் குறையும்.

வாயைச் சுற்றிப் பஞ்சுபோல் வெள்ளை. பூஞ்சைதானே? இதற்கும் சூடு ஏற்றலாமா?

ஏற்றாதீர்கள். வாய், முதுகு, துடுப்பு விளிம்பில் வேகமாகப் பரவும் சாம்பல் வெள்ளைப் படலம் பெரும்பாலும் காலம்னாரிஸ் என்னும் பாக்டீரியா நோய். சூட்டில் அது இன்னும் வேகமாகப் பெருகும். ஓரிரு நாளில் தொட்டியே காலியாகலாம். உண்மையான பூஞ்சை அடிபட்ட இடத்தில், நீண்ட மயிர்ப்பஞ்சாக, மெதுவாக வளரும். காலம்னாரிஸ் என்று சந்தேகம் வந்தால் அந்த மீனை உடனே தனி டப்பாவுக்கு மாற்றி, வெப்பத்தை அந்த மீன் தாங்கும் கீழ் எல்லைக்கு மெல்ல இறக்கி, உப்பும் காற்றும் கொடுங்கள்.

செதில்கள் சிலிர்த்து உடல் ஊதிவிட்டது. பிழைக்குமா?

அரிது. சிறுநீரகம் தோற்று உடலுக்குள் நீர் கோத்துவிட்ட நிலை அது. தனியே வைத்து உப்பும் சுத்தமான தண்ணீரும் கொடுத்துப் பார்க்கலாம். மற்ற மீன்களின் தண்ணீரை உடனே சோதியுங்கள்.

தங்கமீன் தலைகீழாக மிதக்கிறது.

உருண்டை உடல் தங்கமீன்களுக்கு இது அடிக்கடி வரும். இரண்டு மூன்று நாள் பட்டினி போடுங்கள். பிறகு வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணியைக் கொஞ்சம் கொடுங்கள். மிதக்கும் உருண்டைத் தீனியை ஊறவைத்துப் போட்டால் காற்று விழுங்குவது குறையும். அதோடு, அந்த மீன் கண்ணாடிக் குடுவையில் இருந்தால் அதை வெளியே எடுங்கள். குடுவையில் தங்கமீன் வைக்கவே கூடாது. நன்றாக வளர்த்தால் பத்தாண்டுக்கு மேல் வாழக்கூடிய உயிர் அது.

எந்த உப்பு, எவ்வளவு என்று எப்படிக் கணக்கிடுவது?

சாதாரணக் கல்லுப்பு. பொடியுப்பில் கட்டி பிடிக்காமலிருக்க வேறு பொருள் சேர்ப்பார்கள், அது வேண்டாம். கரண்டிக் கணக்கை நம்பாமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். தொட்டியின் நீளம், அகலம், தண்ணீர் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். 60, 30, 30 என்றால் 54 லிட்டர். கல்லுக்கும் அலங்காரத்துக்கும் கழித்தால் சுமார் 45. உப்பு ஆவியாகாது, தண்ணீர் மாற்றும்போது மட்டுமே குறையும். செடிகள் உள்ள தொட்டியிலும் கோரிடோராஸ் கெளுத்தி உள்ள தொட்டியிலும் உப்பு வேண்டாம். நோயாளியைத் தனி டப்பாவுக்கு மாற்றி அங்கே போடுங்கள்.

மருந்துக்கடையில் டெட்ராசைக்ளின் மாத்திரை வாங்கிப் போடலாமா?

வேண்டாம். கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் அந்த மருந்தோடு பிணைந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். நம் போர்வெல் தண்ணீரில் போடுவது பெரும்பாலும் வீண். மீனுக்குப் பயன்படாமல், பில்டர் பாக்டீரியாவைக் கெடுத்து, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்த்துச் சாக்கடைக்கு அனுப்புவதுதான் மிச்சம். மெத்திலீன் புளூ எனும் நீல மருந்தும் பில்டர் பாக்டீரியாவைக் கொல்லும். அதைத் தனி டப்பாவில் மட்டும் பயன்படுத்துங்கள்.

கொசுவத்தி, லிக்விட் இவற்றால் மீனுக்குக் கெடுதல் உண்டா?

நிச்சயமாக. அவற்றிலுள்ள பைரித்ராய்டு மருந்துகள் நமக்கு அதிகம் தீங்கு செய்யாத அளவிலேயே மீனுக்குக் கடும் நஞ்சு. காற்று மோட்டார் அறைக்காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் செலுத்துகிறது. லிக்விட் மாட்டிய அதே பிளக்பாயின்டின் அடுத்த துளையில் காற்று மோட்டார் ஓடுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தொட்டி உள்ள அறையில் இரண்டும் வேண்டாம், கொசுவலை கட்டுங்கள். பொங்கலுக்கோ ஓணத்துக்கோ வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போதும், தோட்டத்துக்கு மருந்தடிக்கும்போதும் காற்று மோட்டாரை வேறு அறையில் வைத்து நீண்ட குழாயால் இணையுங்கள்.

வாஸ்து மீன் செத்தால் வீட்டின் தோஷத்தை வாங்கிக்கொண்டது என்கிறார்களே?

அரோவானாவையும் ஃப்ளவர்ஹார்னையும் அப்படி நம்பி வளர்க்கும் குடும்பங்கள் நம் ஊரில் நிறைய. அவர்களின் பக்தியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மீன் செத்ததும் நிம்மதியாக இன்னொன்றை வாங்கி அதே தண்ணீரில் விடுவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. மங்கலத்துக்காக வீட்டுக்கு அழைத்த உயிருக்கு நல்ல தண்ணீர் கொடுப்பதும் அந்த நம்பிக்கையின் பகுதிதான். அடுத்த மீனுக்குமுன் அம்மோனியாவைச் சோதித்துவிடுங்கள். இரண்டடித் தொட்டியில் அரோவானா வேண்டவே வேண்டாம்.

மிஸ் கேரளா மீனை இங்கே வளர்க்கலாமா?

சிவப்புக் கோடும் கறுப்புக் கோடும் ஓடும் அந்த அழகி நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளுக்கே உரியவள். 1865-ல் பிரான்சிஸ் டே என்பவர் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். அலங்கார மீன் வணிகத்துக்காக ஓடைகளில் அளவின்றிப் பிடிக்கப்பட்டு, இன்று அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. அதற்குக் குளிர்ந்த, வேகமாக ஓடும், ஆக்சிஜன் நிறைந்த தண்ணீர் வேண்டும். கூட்டமாக வாழ வேண்டும். நீந்த நாலடி நீளமாவது வேண்டும். கொழிஞ்சாம்பாறை மே மாதத்தில் குளிரூட்டும் கருவி இல்லாமல் அதை வைத்திருப்பது கொடுமை. வைக்க வசதி இருப்பவர்கள் பண்ணையில் பிறந்த மீன்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

பழனிக்கோ சபரிமலைக்கோ நான்கைந்து நாள் போகிறோம். யார் தீனி போடுவது?

யாரும் வேண்டாம். வளர்ந்த, ஆரோக்கியமான மீன் ஒரு வாரம் பட்டினியைத் தாங்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை அன்போடு அள்ளிப் போடும் ஒரு பிடி தீனியைத்தான் அதனால் தாங்க முடியாது. புறப்படும் முந்தைய நாள் தண்ணீர் மாற்றுங்கள், மின்சாரம் போனால் மோட்டார் மறுபடி ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

மீனின் நோய் நமக்குத் தொற்றுமா?

பெரும்பாலானவை தொற்றாது. மீன் காசநோய் வகைக் கிருமி ஒன்று மட்டும், கையில் காயம் இருந்தால் உள்ளே புகுந்து, வாரங்கள் கழித்து ஆறாத கட்டியாக வரலாம். காயத்தோடு தொட்டியில் கைவிடாதீர்கள். குழாயை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கத்தை விடுங்கள். அப்படிக் கட்டி வந்தால், மீன் வளர்ப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாது.

பிழைக்காது என்று தெரிந்த மீனை ஆற்றில் விட்டுவிடலாமா?

ஒருபோதும் கூடாது, நலமான மீனையும் விடக்கூடாது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அராப்பைமா போன்ற அயல் மீன்கள் வலையில் சிக்கின. டேங்க் கிளீனர் என்று வாங்கும் மீன் பல நீர்நிலைகளில் பெருகி நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்திருக்கிறது. நோயுற்ற மீன் சித்தூர்ப் புழையில் விழுந்தால் அதன் கிருமியும் கூடவே போகும். வேதனையில் இருக்கும் மீனுக்குக் கிராம்பு எண்ணெய் உண்டு: லிட்டருக்குச் சுமார் பத்துச் சொட்டு, வெந்நீரில் நன்றாகக் குலுக்கித் தொட்டித் தண்ணீரில் கலந்து அதில் விட்டால் மயங்கி அடங்கும். செவுள் நின்ற பிறகும் அரை மணி நேரம் விட்டுவைத்து, மண்ணில் ஆழமாகப் புதையுங்கள்.

யாரிடம் காட்டுவது?

பாலக்காட்டிலிருந்து எட்டும் தூரத்தில் திருச்சூர் மண்ணுத்தியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கொச்சி பனங்காட்டில் கேரள மீன்வள, கடல் ஆய்வுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. போகுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் நுண்ணோக்கி இருந்தால், தோல் கோழையைச் சிறிது வழித்துப் பார்த்தே ஒட்டுண்ணியா இல்லையா என்று சொல்லிவிட முடியும். செத்து மிதந்த மீனைக் கொண்டு போய்ப் பயனில்லை, சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கிவிடும். நோயின் அடையாளம் தெரியும் உயிர் மீனை ஒரு பையிலும், தொட்டித் தண்ணீர் அரை லிட்டரைத் தனியாக ஒரு சுத்தமான பாட்டிலிலும் எடுத்துச் செல்லுங்கள். கூடவே ஒரு தாளில் தொட்டியின் அளவு, மீன்களின் எண்ணிக்கை, கடைசியாகத் தண்ணீர் மாற்றிய நாள், கடைசியாகப் புது மீன் விட்ட நாள், இதுவரை ஊற்றிய மருந்துகள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள்.